பட்ஜெட் உரையில் விழுந்த விமானம்

போன டிசம்பரில் லண்டனிலிருந்து வந்த பெரியம்மா மகன் எனக்கென்று ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். சாக்லேட்டாக இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். திறந்தால் சட்டம் சட்டமாக பிளாஸ்டிக் துண்டுகள். "இதைத் தூக்கிட்டு வர்றதுக்கா ஏழாயிரம் மைல்?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். ஏழாயிரம் எல்லாம் கிடையாது, ஐந்தாயிரம்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் திருத்தவா முடியும்?

பழைய பொருட்கள் விற்கும் சந்தையில் அண்ணன் எடுத்தாராம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஸ்கேல் மாடல் கிட், அசலில் 72-ல் ஒரு பங்கு அளவு. விமானத்தின் பெயர் டி.எஸ்.ஆர்.2. பிரிட்டிஷ் விமானப்படைக்காக 1960களில் உருவான தாக்குதல் மற்றும் உளவு விமானம்.

வகுப்பில் படத்தைக் காட்டினேன். பெஞ்சுக்காரன் கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன். எந்தப் போரில் வந்தது? எதிலும் இல்லை. எத்தனை செய்தார்கள்? பறந்தது ஒன்றே ஒன்று. எத்தனை முறை பறந்தது? 24 முறை, எல்லாம் சேர்த்தால் சுமார் 13 மணி நேரம். "நம்ம ஊர் டவுன் பஸ் ஒரே நாள்ல அதைவிட அதிகமா ஓடுமேடா, இதைப் போய் ஏன் செய்யறே?"

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையே அதற்கான பதில்தான்.

மாடல் செய்கிறவர்களில் ஒரு தனிக் கூட்டம் உண்டு. நடந்ததைச் செய்ய மாட்டார்கள், நடந்திருக்கக் கூடியதைச் செய்வார்கள். 1959-ல் கனடா ரத்து செய்த ஏவ்ரோ ஆரோ விமானத்துக்கு 1970களின் வண்ணம் பூசுவார்கள். ஜெர்மானியர்கள் காகிதத்தில் மட்டும் வரைந்து வைத்ததை எல்லாம் பறக்க விடுவார்கள். இதற்கு 'வாட் இஃப்' மாடல் என்று பெயர். டி.எஸ்.ஆர்.2 இவர்களின் செல்லப்பிள்ளை. 2003-ல் வந்த 'ஸ்ட்ராடோஸ் 4' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில்கூட இந்த விமானம் வரும்.

நானும் அப்படித்தான் செய்வது என்று முடிவு செய்தேன். ஆனால் பி.காம் படிக்கிற புத்தி சும்மா இருக்குமா? பசை பாட்டிலைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த விமானம் பிழைத்திருந்தால் அதற்கு யார் பணம் கொடுத்திருப்பார்கள்? அது தெரியாமல் எந்த நாட்டு அடையாளத்தை ஒட்டுவது?

முதலில் உடம்பு. அசல் விமானத்தின் நீளம் சுமார் 27 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 37.7 சென்டிமீட்டர். இரண்டு பாதிகளையும் ஒட்டி என் அடிக்கோல் பக்கத்தில் வைத்தால் கோல் முடிந்த பிறகும் விமானம் போய்க்கொண்டே இருக்கிறது. இறக்கையோ இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 15.7 சென்டிமீட்டர்தான். துண்டுகளை வெட்ட நகவெட்டி, தேய்க்க உப்புத்தாள், இடைவெளியை அடைக்க எம்-சீல். சரியான கருவிகள் இல்லாததால் ஏற்பட்ட விபத்துகளுக்கெல்லாம் நானே பொறுப்பு. விமானி அறைக் கண்ணாடியில் என் கட்டைவிரல் ரேகை நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இது என்ன கண்ணு, இத்தனை பெரிய ஒடம்புக்கு இத்தனூண்டு ரெக்கை?"

அப்பா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். இயந்திரம் எதுவானாலும் கோளாறான இடத்தில்தான் அவர் கண் முதலில் போகும். இந்த இடத்தில் அது கோளாறு இல்லை, அதுதான் விஷயமே.

1957-ல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். இனி ஏவுகணைகளின் காலம், மனிதன் ஓட்டும் போர் விமானங்களுக்கு வேலை குறைவு என்பது அதன் சாரம். வரைபடத்தில் இருந்த பல விமானங்கள் அதோடு போய்ச்சேர்ந்தன. தப்பித்தவற்றில் ஒன்று, கான்பெர்ரா என்ற குண்டுவீச்சு விமானத்துக்கு மாற்று தேடும் திட்டம். (கான்பெர்ரா நமக்கும் பழக்கமானதுதான். இந்திய விமானப்படை 1957 முதல் 2007 வரை ஐம்பது வருடம் ஓட்டியது.)

ஒரு விமானம் மட்டும்தான் கிடைக்கப்போகிறது என்று தெரிந்ததும் விமானப்படை தன் ஆசைகளை எல்லாம் அதிலேயே எழுதிவிட்டது. தரையிலிருந்து 200 அடி உயரத்தில் ஒலியின் வேகத்தைத் தொட்டுப் பறக்க வேண்டும். மேலே போனால் அதைப்போல் இரண்டு மடங்கு வேகம் வேண்டும். இரவு, மழை, மேகம் எதுவும் தடையாக இருக்கக் கூடாது. அணுகுண்டும் சுமக்க வேண்டும், உளவுப் படமும் எடுக்க வேண்டும். இத்தனைக்கும் மேல், குட்டையான கரடுமுரடான ஓடுபாதையிலிருந்து ஏற வேண்டும். ஒரே ஆள் சமைக்கவும் வேண்டும், கணக்கெழுதவும் வேண்டும், ராத்திரி காவலும் இருக்க வேண்டும் என்று விளம்பரம் கொடுத்த மாதிரி.

தாழப் பறப்பது ஏன் முக்கியம் என்பதற்கு 1960 மே 1 சாட்சி. அன்றுதான் மிக உயரத்தில் பறந்த அமெரிக்க யு-2 உளவு விமானத்தைச் சோவியத் ஏவுகணை வீழ்த்தியது. உயரம் இனிப் பாதுகாப்பு இல்லை, ரேடார் கண்ணில் படாமல் மலை மடிப்புகளுக்குள் நுழைந்து போக வேண்டும். தரைக்குப் பக்கத்தில் காற்று சீராக இருக்காது. பெரிய இறக்கை இருந்தால் ஒவ்வொரு காற்றலையும் விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும், உள்ளே இருப்பவர்களால் கருவிகளைப் படிக்கக்கூட முடியாது. அதனால்தான் இத்தனூண்டு இறக்கை. ஆனால் சின்ன இறக்கையோடு மெதுவாக இறங்க முடியாதே? அதற்கு எஞ்சினிலிருந்து அழுத்தக் காற்றை எடுத்து, இறக்கையின் பின்மடிப்புகள் மேல் ஊதவிட்டார்கள். வேகம் குறைந்தாலும் இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறையாது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ எஞ்சின் நின்னா ரெக்கையும் நின்ன மாதிரி" என்றார். அவ்வளவுதான், புரிந்துகொண்டார்.

எஞ்சின் கதை தனி. விமானத்தைக் கட்டும் கம்பெனி ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சினை விரும்பியது. அரசு பிரிஸ்டல் சிட்லியின் ஒலிம்பஸ்தான் என்று முடிவெடுத்தது. 1962 டிசம்பர் 3 அன்று, அந்த எஞ்சினை ஒரு வல்கன் விமானத்தின் அடிவயிற்றில் பொருத்தி ஃபில்டனில் தரையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். உள்ளே டர்பைன் தட்டு உடைந்து தெறித்தது. எரிபொருள் தொட்டிகள் பற்றிக்கொள்ள, வல்கன் முழுவதும் எரிந்து சாம்பல். அணைக்க வந்த தீயணைப்பு வண்டியும் கூடவே எரிந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1964 செப்டம்பர் 27 அன்று, முழுதாகக் குணமாகாத அதே எஞ்சின்களோடு ரோலண்ட் பீமாண்ட் பாஸ்கோம் டவுன் தளத்திலிருந்து முதல் விமானத்தை மேலே தூக்கினார். பின் இருக்கையில் டான் போவன். விமானத்தின் எண் எக்ஸ்.ஆர்.219. முதலில் சக்கரங்களை மடக்கவே இல்லை, கீழே தொங்கவிட்டபடிதான் பறந்தார்கள். மடக்க ஆரம்பித்தபோதோ ஒரு பறப்பில் சக்கரம் பாதியில் சிக்கி நின்றது. குதித்துவிடுகிறாயா என்று பீமாண்ட் கேட்க, கூடவே இருக்கிறேன் என்றாராம் போவன். இருவரும் பத்திரமாக இறங்கினார்கள். இன்னொரு பிரச்சினை வேடிக்கையாக இருக்கும், ஓட்டியவருக்கு வேடிக்கையாக இருந்திருக்காது. ஒரு எரிபொருள் பம்ப்பின் அதிர்வு மனிதக் கண்விழி அதிரும் அளவோடு ஒத்துப்போய், விமானிக்குப் பார்வை மங்கியது.

ஆனால் 1965 பிப்ரவரி 22-ஐ யாரும் மறக்க மாட்டார்கள். வார்ட்டன் தளத்துக்குப் போகும் வழியில் பீமாண்ட் ஒரே ஒரு எஞ்சினில் மட்டும் கூடுதல் எரிப்பைத் தட்டிவிட்டார். விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போயே போய்விட்டது. துணைக்குப் பறந்த லைட்னிங் போர் விமானம், அந்தக் காலத்தில் வேகத்துக்குப் பேர்போனது, தன் இரண்டு எஞ்சின்களிலும் கூடுதல் எரிப்பைப் போட்டுத்தான் பின்னால் ஓடிவந்தது. டி.எஸ்.ஆர்.2 ரசிகர்கள் இந்த ஒரு சம்பவத்தை வைத்தே அறுபது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். என்னைக் கட்சி மாறவைத்தது காஸ்ட் அக்கவுண்டிங் பாடம்.

'மூழ்கிய செலவு' என்று ஒன்று படிக்கிறோம் அல்லவா? ஒரு திட்டத்தைத் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்கும்போது, ஏற்கனவே செலவழித்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது போனது போனதுதான். இனி எவ்வளவு செலவாகும், இனி எவ்வளவு கிடைக்கும் என்பது மட்டுமே கேள்வி. 'இவ்வளவு பணம் போட்ட பிறகு நிறுத்தலாமா?' என்று ரசிகர்கள் கேட்கும் கேள்வி பரீட்சையில் பூஜ்யம் வாங்கும்.

1964 அக்டோபரில் ஹரால்ட் வில்சனின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது, வெளிநாட்டு வரவு செலவில் சுமார் 80 கோடி பவுண்டு பற்றாக்குறை காத்திருந்தது. பவுண்டின் மதிப்பே ஆடிக்கொண்டிருந்தது. டி.எஸ்.ஆர்.2-வோ 150 விமானம் வாங்கினால், உருவாக்கமும் தயாரிப்பும் சேர்த்து சுமார் 75 கோடி பவுண்டு ஆகும் என்று நின்றது. அமெரிக்காவின் எஃப்-111 விமானம் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்றார்கள். கையில் இருக்கும் தாளில் இந்த எண்களை மட்டும் எழுதிக் கொடுத்தால் நம் வகுப்பில் 60 பேரும் 'ரத்து' என்றுதான் விடை எழுதுவோம்.

1965 ஏப்ரல் 6 அன்று நிதியமைச்சர் ஜேம்ஸ் கேலஹன் அதைத்தான் செய்தார். ஒரு போர் விமானத்தின் மரண அறிவிப்பு பட்ஜெட் உரைக்குள் வந்தது. நாம் வரிச் சட்டத்தில் படிக்கும் கார்ப்பரேஷன் வரி, மூலதன ஆதாய வரி இரண்டும் பிரிட்டனில் நிலைத்தது அதே வருட நிதிச் சட்டத்தில்தான். அன்றைய தினம் இரண்டாவது விமானம் எக்ஸ்.ஆர்.220 முதல் முறையாகப் பறக்கத் தயாராக நின்றது. பாவம், அதற்கு ஆரம்பமே சரியில்லை. முந்தைய செப்டம்பரில் லாரியில் கொண்டுவந்தபோது பாஸ்கோம் டவுனிலேயே சரிந்து விழுந்து அடிபட்டு, ஆறு மாதம் வைத்தியம் பார்த்து எழுந்திருந்தது. அன்று காலையில் ஒரு சின்னக் கோளாறு, மதியத்துக்குள் சரிசெய்தார்கள், அதற்குள் செய்தி வந்துவிட்டது. அது இன்றுவரை பறக்கவே இல்லை. காஸ்ஃபர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எக்ஸ்.ஆர்.222 டக்ஸ்ஃபர்டில் இருக்கிறது. பறந்த ஒரே விமானமான 219-ஐ ஷூபரினஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோய், குண்டடிபட்டால் விமானம் எப்படிச் சேதமாகும் என்று பார்க்கச் சுட்டுத் தீர்த்தார்கள்.

தொழிற்சாலையில் நடந்தது இதைவிட மோசம். பாதி முடிந்து வரிசையில் நின்ற விமானங்களை வெட்டினார்கள். அவற்றைக் கட்டப் பயன்பட்ட அச்சுச் சட்டங்களையும் கருவிகளையும் அழித்தார்கள். வெட்டியது வேறு யாரோ இல்லை, ஜனவரியில் லண்டன் தெருவில் வேலையைக் காப்பாற்றச் சொல்லி ஊர்வலம் போன அதே தொழிலாளர்களின் பட்டறைகளில்தான்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்பாதி உடம்பு வேபிரிட்ஜ் என்ற ஊரில்தான் தயாரானது, அங்கேயே வெட்டிப் போட்டார்கள் என்றேன்.

"வேபிரிட்ஜா? எடை போட்டாங்களா?"

"இல்லீங்ப்பா, அது ஊர் பேரு."

நம் ஊரில் வே பிரிட்ஜ் என்றால் லாரியைச் சரக்கோடு ஏற்றி நிறுக்கும் எடைமேடை. நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வேலை பார்த்த மில்லை மூடினார்கள். பதினெட்டு வருடம் அவர் எண்ணெய் விட்டு, ஸ்பிண்டில் மாற்றி, சத்தத்தை வைத்தே நோய் கண்டுபிடித்த ரிங் ஃபிரேம்களைக் காயலான் கடைக்காரர் எடுத்தார். கழற்றத் தெரிந்த ஆள் வேண்டுமே? பழைய ஃபிட்டர்களையே தினக்கூலிக்குக் கூப்பிட்டார்கள். அப்பா பதினொரு நாள் போனார். கழற்றிய இயந்திரங்கள் லாரியில் ஏறி வே பிரிட்ஜில் நின்று கிலோ கணக்கில் போயின. அந்தப் பதினொரு நாள் கூலியில்தான் எனக்கு ஆறாம் வகுப்புப் புத்தகம் வாங்கினார்கள் என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது.

மில்லை மூடியது கணக்குப்படி தப்பா என்று இப்போது என்னிடம் கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பழைய இயந்திரம், கரண்ட் கட்டணம், நூல் விலை எல்லாம் தெரியும். ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் அந்தக் கேள்விக்கு நான் 10-க்கு 9 வாங்கியிருக்கிறேன்.

சரி, விமானத்துக்கு வருகிறேன். சூத்திரம் சரி, ரத்து சரி என்றால் வாட் இஃப் மாடலுக்கே இடமில்லையே? பொறுங்கள். சூத்திரத்தில் இரண்டு பக்கம் உண்டு. இனிவரும் செலவு, இனிவரும் பலன். இரண்டுமே எதிர்காலம், அதாவது ஊகம். அந்த ஊகம் என்ன ஆனது என்று பாருங்கள்.

மலிவு என்று சொன்ன எஃப்-111-ல் 50 வாங்குவதாக 1966-ல் முடிவெடுத்தார்கள். விலை டாலரில். 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்குக் குறைத்தார்கள். மதிப்புக் குறைப்பு 14.3 சதவீதம் என்று செய்தியில் வரும். ஆனால் டாலரில் வாங்குகிறவனுக்கு விலை ஏற்றம் 16.7 சதவீதம். (2.80-ஐ 2.40-ஆல் வகுத்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இந்த இடத்தில் வழுக்குவார்கள்.) 1968 ஜனவரியில், சூயஸுக்குக் கிழக்கே உள்ள தளங்களைக் காலி செய்கிறோம் என்ற அறிவிப்போடு எஃப்-111-ஐயும் ரத்து செய்தார்கள். அதற்கான ரத்துச் செலவு வேறு. கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படைக்குக் கிடைத்தது, தாங்கள் முதலில் வேண்டவே வேண்டாம் என்று ஒதுக்கிய, கடற்படைக்காகச் செய்த பக்கனீர். டி.எஸ்.ஆர்.2 செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்ய டொர்னாடோ படைக்கு வந்துசேர 1980களே ஆகிவிட்டன.

ஆக, 1965-ல் ஒப்பிட்டுப் பார்த்த மாற்று வரவே இல்லை. அப்படியானால் சரித்திரத்தை எந்த இடத்தில் திருப்பினால் இந்த விமானம் பிழைக்கும்?

பெரும்பாலான மாடல்காரர்கள் தேர்தலைத் திருப்புவார்கள். வில்சன் தோற்றிருந்தால் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யார் ஜெயித்திருந்தாலும் அதே 80 கோடிப் பற்றாக்குறைதான் மேசையில் இருந்திருக்கும். இன்னும் சிலர் மவுண்ட்பேட்டனைத் திட்டுவார்கள். ஆமாம், நம் கடைசி வைஸ்ராய்தான். 1959 முதல் 1965 வரை பிரிட்டிஷ் முப்படைகளின் தலைவராக இருந்தார். கடற்படைக்காரர், அதனால் பக்கனீர் பக்கம். ஒரு டி.எஸ்.ஆர்.2 விலைக்கு ஐந்து பக்கனீர் வாங்கலாம் என்று படங்களை மேசையில் பரப்பிக் காட்டுவாராம். அவர் செய்த சேதம் நிஜம், ஆனால் ஒரு ஆளால் மட்டும் 75 கோடிப் பவுண்டுத் திட்டம் சாகாது.

விடை எனக்குக் கிடைத்தது கான்கார்டு பயணிகள் விமானத்தில். அதே வில்சன் அரசு, அதே 1964, கான்கார்டையும் ரத்து செய்யத்தான் விரும்பினார்கள். முடியவில்லை. காரணம், 1962 நவம்பரில் பிரான்சோடு போட்ட ஒப்பந்தத்தில் விலகும் ஷரத்தே கிடையாது. விலகினால் பிரான்ஸ் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகும். தப்பிக்க வழியில்லாமல் தொடர்ந்தார்கள், கான்கார்டு 2003 வரை பறந்தது. அதில் இருந்த எஞ்சின் எது தெரியுமா? ஒலிம்பஸ். வல்கனை எரித்த அதே குடும்பம். விமானத்தைச் செலவு கொன்றது, எஞ்சினை ஒரு ஒப்பந்தம் காப்பாற்றியது. மெர்கன்டைல் லா வகுப்பில் தூங்குகிறவர்கள் கவனிக்கவும் :-)

டி.எஸ்.ஆர்.2-க்கு அப்படிக் கையெழுத்துப் போட ஒரு வெளிநாடு இருந்ததா? இருந்தது. ஆஸ்திரேலியா. இந்தோனேசியாவிடம் சோவியத் டி.யு-16 குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிட்ட பயத்தில், தங்கள் கான்பெர்ராக்களுக்கு மாற்று தேடி 1963-ல் ஒரு குழுவை அனுப்பினார்கள். பிரிட்டனே இதை முழு மனதோடு வாங்குமா என்ற சந்தேகம் அவர்களுக்கு. மவுண்ட்பேட்டன் ஆஸ்திரேலியத் தளபதியிடமே இது தேறாது என்று சொன்னதாகப் பல நூல்களில் வருகிறது. 1963 அக்டோபர் 24 அன்று, தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பிரதமர் மென்சீஸ் 24 எஃப்-111 வாங்குவதாக அறிவித்தார். அவை வந்துசேர்ந்தது 1973-ல், முழுதாகப் பத்து வருடம் கழித்து! நடுவில் சமாளிக்க 24 ஃபேண்டம் விமானங்களை அமெரிக்காவிடம் குத்தகைக்கு எடுத்து ஓட்டினார்கள்.

இதுதான் என் திருப்பம். 1963 அக்டோபரில் கான்பெர்ரா நகரத்தில், கான்பெர்ரா விமானத்துக்கு மாற்றாக, டி.எஸ்.ஆர்.2-க்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அபராத ஷரத்தோடு. 1965-ல் கேலஹன் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார். இலவசமாக இல்லை. பிரிட்டன் 150 வாங்காது, என் கணக்கில் 50-ல் நிறுத்திக்கொள்ளும். 24-ம் 50-ம் சேர்த்து 74. 150-ல் பங்கிட வேண்டிய உருவாக்கச் செலவை 74-ல் பங்கிட்டால் ஒரு விமானத்தின் விலை எங்கேயோ போய்விடும். எஃப்-111 இல்லை, அதன் ரத்துச் செலவு இல்லை, விமானப்படைக்குப் பக்கனீர் இல்லை, இவற்றை எல்லாம் கழித்தாலும் இடிக்கிறது. டொர்னாடோவும் வந்திருக்குமா என்பது சந்தேகமே. இத்தனையும் சம்மதம் என்றால்தான் இந்த விமானத்துக்கு வண்ணம் பூச எனக்கு உரிமை.

(இந்திய விமானப்படை வண்ணத்தில் செய்யச் சொல்லி பெஞ்சுக்காரன் கெஞ்சினான். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 1957-லேயே நம் அந்நியச் செலாவணி வறண்டு, ஐந்தாண்டுத் திட்டத்தையே வெட்டிக்கொண்டிருந்தோம். என் பேரேட்டில் அது டேலி ஆகவில்லை.)

அசல் விமானம் முழு வெள்ளை. அணுகுண்டு வெளிச்சத்தின் சூட்டைத் திருப்பி அனுப்பும் வெள்ளை. தாழப் பறக்கும் விமானத்துக்கு அது பொருந்தாது. 1964-லேயே பிரிட்டனின் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் தாழப் பறக்கும் வேலைக்கு மாறி, வெள்ளையைக் கைவிட ஆரம்பித்துவிட்டன. அதனால் என்னுடையது பச்சையும் மண் நிறமும், குவீன்ஸ்லாந்தின் ஆம்பர்லி தளம், 1970. அசலில் எஃப்-111 வந்து நின்ற இடம்.

சக்கரங்களை ஒட்டும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த விமானத்துக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். நான் ஒட்டியதைக் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "கோணலா நிக்குது கண்ணு" என்று சொல்லி, தையல் நூல் ஒன்றை இழுத்துப் பிடித்து நேர் பார்த்துத் தானே சரி செய்தார். ரிங் ஃபிரேமுக்கு நேர் பார்த்த கை. அதற்கப்புறம் பசை பாட்டில் என்னிடம் திரும்பி வரவில்லை.

மிச்சம் இருந்தது அடையாளம். ஆஸ்திரேலிய விமானப்படையின் வட்டத்தில் நீல வளையம், உள்ளே வெள்ளை, நடுவில் சிவப்பு கங்காரு. பெட்டியில் அது கிடையாது. மில்லில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பெயிண்டில் எண் எழுதியவர் அப்பாதான். ஒரு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் குண்டூசி முனையால் கங்காரு வரைந்தார். முதலாவது அணில் மாதிரி வந்தது. துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார். மூன்றாவது முறை அசல் கங்காரு.

இடது பக்கம் முடிந்து வலது பக்கமும் முடிந்த பிறகுதான் கவனித்தேன். கங்காரு எப்போதும் விமானத்தின் மூக்கைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், அதுதான் விதி. இடது பக்கத்துக் கங்காரு மூக்கைப் பார்க்கிறது. வலது பக்கத்தில் அப்பா அதையே அப்படியே வரைந்திருக்கிறார், வாலைப் பார்த்து நிற்கிறது.

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி, விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு வேலைக்குப் போகுது, ஒண்ணு ஷிப்ட் முடிஞ்சு வருது. இருக்கட்டும் உடு."

இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு மேல், வலது பக்கம் சுவரைப் பார்த்தபடி.